பச்சைப் புள்ளி

ஆகஸ்ட் 19

முதல் நோட்டு தீர்ந்துவிட்டது. காய்ச்சல், சாப்பாடு, மாத்திரை, வாந்தி, இந்த நான்கை மட்டும் எழுதச் சொல்லித்தான் டாக்டர் நோட்டுப் போடச் சொன்னார். பத்தாம் பக்கத்திலேயே என் புலம்பலும் உள்ளே நுழைந்துவிட்டது. போன வாரம் அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல தருணோட காய்ச்சலைத் தேட வேண்டியிருக்கே" என்றார். அதனால் இந்த நோட்டில் காய்ச்சல் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.

கணக்கு டீச்சர் புது நோட்டுப் போட்டால் முதல் பக்கத்தில் விவரம் எழுதாமல் இருக்க முடியாது. பெயர் தருண். வயது ஏழு. ரத்தப் புற்றுநோய், கண்டுபிடித்தது ஜூன் 11. நானும் அவனும் மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறோம். அவன் அப்பா கதிரேசனுக்கு அருப்புக்கோட்டை மின்வாரியத்தில் லைன்மேன் வேலை. ஞாயிறு தோறும் வருவார். மூத்தவள் பிருந்தா, என் பள்ளிக்கூடத்திலேயே எட்டாம் வகுப்பு, அங்கேயே நாத்தனார் செண்பகம் வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கிருமியைப் பிள்ளைக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று ஜூனிலேயே நான் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

ஆகஸ்ட் 22

முதுகில் ஊசி போடும் நாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கிடையாது. பதினொரு மணி வரை அழுதுகொண்டே இருந்தான். என் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் விமலா டீச்சர் நம்பர். மார்க் லிஸ்ட்டைப் பற்றிக் கேட்பாள், எனக்கு இப்போது அதுதான் குறைச்சல்.

ஊசி முடிந்து, அவனைத் தலையணை இல்லாமல் நேராகப் படுக்க வைத்த பிறகுதான் எடுத்தேன். விமலா இல்லை, பிருந்தா. டீச்சர் போனை வாங்கிப் பேசுகிறாள். "அம்மா, ஒரு விஷயம்" என்று இழுத்தாள். உயிர் போற விஷயமா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்போ அப்புறம் பேசு என்று வைத்துவிட்டேன். ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்திருப்பாள். பதின்மூன்று வயதுக்கு நேரம் காலம் தெரிய வேண்டாமா?

மாலை பால் அரை டம்ளர். வாந்தி ஒன்று.

ஆகஸ்ட் 24

பிருந்தாவுக்குக் காய்ச்சலாம், பள்ளிக்கூடம் போகவில்லையாம். கதிரேசன் சொன்னார். அந்த வீட்டிலிருந்து இரண்டு வாரத்துக்கு யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது, நீங்களும் குளித்து வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சரி சரி என்று தலையாட்டினார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை அவர்.

ஆகஸ்ட் 31

கதிரேசன் தூக்குவாளியில் உளுந்தங்களி கொண்டுவந்தார். கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. செண்பகம் மதினி கொடுத்துவிட்டார்களாம். இதென்ன திடீரென்று களி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்குத்தான். இடுப்பு வலின்னு சொன்னியே" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் இடுப்பு போனதை இந்த உலகத்தில் ஒருத்தராவது நினைத்தார்களே. வாளியை வழித்துச் சாப்பிட்டேன். மதினியை இத்தனை வருடம் தப்பாக நினைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7

ஞாயிறு. கதிரேசன் வரவில்லை, எங்கோ கம்பி அறுந்துவிட்டதாம். என் தம்பி பாலமுருகன் ஞாயிறு தவறாமல் ஆரஞ்சுப் பழத்தோடு வருவான். அவனும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. தருணோடு பாம்புக் கட்டம் ஆடினேன். பதினான்கு ஆட்டம், அவன்தான் எல்லாவற்றிலும் ஜெயித்தான்.

செப்டம்பர் 9

102. வெள்ளணு ரொம்ப இறங்கிவிட்டது. வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

செப்டம்பர் 17

அறைக்குத் திரும்பினோம். பிருந்தா இப்போதெல்லாம் போன் செய்வதே இல்லை. நான் செய்தால் நல்லாருக்கேன்மா, தம்பி சாப்பிட்டானா என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறாள். பொறுப்பு வந்துவிட்டது. ஒரு கவலை விட்டது.

செப்டம்பர் 20

தருண் நர்ஸுகளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து மெத்தைக்கு அடியில் துப்புகிறான். அதனால் குடும்ப ஆலோசனைக்குப் போகச் சொன்னார் டாக்டர். மாத்திரையைத் துப்புவது அவன், ஆலோசனை எனக்காம்.

ஆலோசகர் பெயர் பெனிட்டா. முப்பது வயதிருக்கும். குழந்தைக்குப் புற்றுநோய் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வந்த மாதிரிதான், எல்லோரும் சேர்ந்துதான் மருந்து சாப்பிட வேண்டும் என்றார். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறார்: ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. அரை மணி நேரத்தில் ஆறு முறை அந்த விதியை நான் மீறினேனாம். இருபது வருடமாக நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று பதில் வரவழைத்தவள் நான். பதில் வராத இடத்தில் என் வாய் தானாகத் திறக்கிறது, என்ன செய்ய.

அடுத்த முறை அக்காவும் வர வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். "அவளும் இந்தக் குடும்பம்தானே டீச்சர்" என்றார். என்னிடமே.

அக்டோபர் 11

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பெனிட்டா சுவரில் ஆறடிக்குச் சார்ட் ஒட்டியிருந்தார். தருண் ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி ஒரு கோடு போட்டான். கோட்டின் இந்த முனை ஜூன் 11, அந்த முனை இன்று. அவரவருக்கு முக்கியமான நாளை அவரவர் நிறத்தில் குறிக்க வேண்டும். நான் சிவப்பு, கதிரேசன் நீலம், தருண் ஆரஞ்சு, பிருந்தா பச்சை. அவளை அழைத்துவந்த செண்பகம் மதினி எனக்கெதுக்கும்மா என்று சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

பிருந்தாவை நேரில் பார்த்து நான்கு மாதம் ஆகிறது. வளர்ந்துவிட்டாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. கையைக் கழுவினாயா என்று கேட்டேன். கழுவிட்டேம்மா என்றாள். உள்ளே வந்ததும் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

நான் பதினொரு இடம் குறித்தேன்: முதல் காய்ச்சல், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, முடி கொட்டிய நாள், முதுகில் ஊசி போட்ட நாட்கள் எல்லாம். கதிரேசன் மூன்று. தருண் புரோட்டா தின்ற நாளைக் குறித்துப் பக்கத்தில் படமும் போட்டான். பிருந்தா ரொம்ப நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரே ஒரு பச்சைப் புள்ளி வைத்தாள். எழுத்து எதுவும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில், என் சிவப்பு 'முதுகில் ஊசி'க்கு நேர் கீழே.

இது என்ன நாள் என்று பெனிட்டா கேட்டார். பேனா தெரியாமல் பட்டிருக்கும் மேடம் என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பி ஒரு விரலை உயர்த்தினார். விதி.

"அன்னைக்குத்தான் நான் பெரியவளானேன்" என்றாள் பிருந்தா.

அந்த அறையில் ஆச்சரியப்பட்டது நானும் பெனிட்டாவும் மட்டும்தான்.

கதிரேசன் தரையைப் பார்த்தார். மதினி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. காய்ச்சல், கம்பி அறுந்தது, ஆரஞ்சுப் பழம் வராத ஞாயிறு. என் இடுப்புக்கென்று வந்த களி. மகளுக்குக் கிண்டிய களியில் மிச்சத்தை எனக்குக் கொடுத்து என் வாயை அடைத்திருக்கிறார்கள், நானும் கண்கலங்கித் தின்றிருக்கிறேன்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"உயிர் போற விஷயம் இல்லையேம்மா" என்றாள்.

மரியாதை இல்லாத பதில். நான்கு மாதத்தில் அத்தை வீட்டு வாய் ஒட்டிக்கொண்டது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பெனிட்டா வராந்தா வரைக்கும் வந்து, அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள் என்றார். நான் நிற்காமல் படியிறங்கிவிட்டேன்.

அக்டோபர் 12

கதிரேசனை உட்கார வைத்துக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடவேளையில் நடந்திருக்கிறது. விமலாதான் ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். நாப்கின் எடுத்துக் கொடுத்தது என் மேசை இழுப்பறையிலிருந்து. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வருடம் தவறாமல் அதில் வாங்கி வைப்பவள் நான். எத்தனை பிள்ளைகளின் அம்மாக்களை வரவழைத்து, பயப்படாதீங்க, சந்தோஷமான விஷயம்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் பிள்ளைக்கு அந்த வரியைச் சொன்னது விமலா.

"அந்த வாரம் தருண் இருந்த நெலமையில உன்கிட்ட எப்படிச் சொல்றது அமுதா? நீ இங்கயும் இருக்க முடியாம அங்கயும் வர முடியாம தவிச்சிருப்ப. சடங்கு முடியட்டும், சொல்லலாம்னு நெனச்சோம். முடிஞ்சதும் அவனுக்குக் காய்ச்சல் வந்திருச்சு. அப்புறம் எந்த மொகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றார்.

சடங்கு செப்டம்பர் 7 அன்று. மதினி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, சின்னதாக. அம்மா ஊற்ற வேண்டிய முதல் தண்ணீரை மதினி ஊற்றியிருக்கிறார். கட்டிக்கொள்ள என் கல்யாணப் பட்டு, அரக்குக் கலர். பீரோ சாவியைக் கொடுத்தது என் புருஷன். அதோடு இன்னொன்றும் சொன்னார். நோயாளிப் பிள்ளை மேல் தீட்டுப் படக் கூடாது, மூன்று மாதத்துக்கு அவளை ஆஸ்பத்திரிப் பக்கமே அனுப்ப வேண்டாம் என்று மதினி சொன்னாராம். நேற்றுக்கூட அரை மனதாகத்தான் அழைத்துவந்தாராம்.

என் மகள் தீட்டா? கத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கதிரேசன் ரொம்ப மெதுவாகச் சொன்னார், "நீ கிருமின்ன. அக்கா தீட்டுங்குது. அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

போய்விடுங்கள் என்றேன். போய்விட்டார்.

அக்டோபர் 13

தருணுக்கும் தெரியுமாம். அப்பா போனில் அக்கா மாலை போட்ட போட்டோவைப் பார்த்தானாம். "உன்கிட்டச் சொல்ல மாட்டேன்னு அக்காட்ட சத்தியம் பண்ணேன்" என்றான். ஏழு வயது. மாத்திரையை ஒதுக்கிய கன்னத்திலேயே இதையும் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறான்.

அக்டோபர் 14

பாலமுருகன் பேசினான். தாய்மாமன் சீர் என்று பதினொரு தட்டோடு போயிருக்கிறான். என் கூடப் பிறந்தவன். மறு ஞாயிறு ஆரஞ்சுப் பழத்தோடு வார்டு வாசலில் நின்று, வேற ஒண்ணும் விசேஷமில்லக்கா என்று சொன்னவன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் உன்னை நான்தானேடா வளர்த்தேன் என்று கேட்டேன். அழுதான். அழட்டும். பிருந்தாதான் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் மாமா என்று காலைப் பிடித்தாளாம். எல்லோரும் கடைசியில் அவள் தலையில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

போட்டோக்களை அனுப்பச் சொன்னேன். இருபத்தேழு வந்தன. என் பட்டு அவளுக்குப் பெரிதாக இருந்தது, கொசுவத்தில் நான்கு பின் தெரிகிறது. ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. நலுங்கு வைக்கும் போட்டோவில் மடியில் அவள் அப்பாவின் போன் இருக்கிறது. ஆரத்தி எடுக்கும் போட்டோவிலும் கையில் அதே போன். சடங்கில் எதற்குப் போன்?

நான் யாருக்கும் எந்தத் துரோகமும் செய்ததில்லை. எனக்கு ஏன் இப்படி?

அக்டோபர் 15

தருணுக்கு மறுபடி முதுகில் ஊசி. போன தடவை ஊசி போட்ட அன்றைக்குச் சாயங்காலம் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அங்கேயே நோட்டைத் திருப்பினேன். ஆகஸ்ட் 22. இடப்பக்கத்தில் 98.6, காய்ச்சல் இல்லை. சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

கண் வலப்பக்கம் போனது.

உயிர் போற விஷயமா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

என் கையெழுத்து. தெளிவாக, குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதுவது போல. ஜாமெட்ரி பாக்ஸ் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன். டாக்டர் என்ன டீச்சர் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

யாரும் என்னிடம் மறைக்கவில்லை. அவள் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். அத்தைக்கு முன்னால், அப்பாவுக்கு முன்னால், ஆசிரியர் அறையில் என் இழுப்பறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. சனிக்கிழமை அவள் என்னிடம் வாய்த்துடுக்காகப் பேசவில்லை. நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அது என் வாக்கியம் என்றுகூடத் தெரியவில்லை.

மடியில் போன் எதற்கு என்று கேட்டேன் அல்லவா நேற்று. அப்புறம் பேசு என்று சொன்னவள் பேசுவாள் என்றுதான்.

அக்டோபர் 16

காய்ச்சல் இல்லை. இட்லி இரண்டு. மாத்திரையை என் முன்னாலேயே விழுங்கி, வாயைத் திறந்து காட்டினான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 18

போனேன். பிருந்தா, மதினி, கதிரேசன் மூவரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். சார்ட் அப்படியே சுவரில் இருந்தது. பெனிட்டா என்னிடம் எதுவும் கேட்பதற்கு முன்னால், நான் ஒன்று வாசிக்க வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 22 வலப்பக்கத்தை வாசித்தேன். எந்த வரியையும் விடவில்லை. 'நேரம் காலம் தெரிய வேண்டாமா' வரைக்கும் வாசித்தேன். வகுப்பில் சத்தமாக வாசித்துப் பழகிய குரல், நடுங்கக்கூட மாட்டேன் என்கிறது. அதற்காக என்னை நானே வெறுத்தேன். கதிரேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பெனிட்டா விரலை உயர்த்தினார். பிருந்தா மட்டும் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது என் வேலை என்று சொல்லி, சிவப்புப் பேனாவை எடுத்தேன். பெரியவளானாள் என்று எழுதத்தான் போனேன். கை எழுதியது வேறு. 'பிருந்தா அம்மாவை ஒரு முறை கூப்பிட்டாள். அம்மா அப்புறம் என்றாள்.'

தருண் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தான்.

பிருந்தா எழுந்து வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. 'ஒரு' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'மூன்று' என்று எழுதினாள்.

"ரெண்டு தடவை நீ எடுக்கவே இல்லம்மா" என்றாள்.

பை அதிர்ந்தது ஞாபகம் வந்தது. நோட்டில்கூட நான் அதை எண்ணி எழுதவில்லை. எண்ணியது அவள்.

மன்னித்துவிடு என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளை என்னிடம் அதைச் சொல்ல வைத்துத்தான் பழக்கம். தப்பு பண்ணிட்டேன்டி என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று பெனிட்டா கேட்கவில்லை, நானும் அவளுக்குப் பதிலாகச் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில் கேட்டேன், நாளை மறுநாள் தீபாவளி, இங்கே வந்துவிடுகிறாயா, எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், தம்பியும் கேட்கிறான் என்று. கையை நீட்டி அவள் தோளைத் தொட்டேன். கை கழுவினாயா என்று இந்த முறை கேட்கவில்லை. அவள் விலகவில்லை, ஒட்டிக்கொள்ளவும் இல்லை. "அத்தை வீட்ல முறுக்கு சுத்தணும்" என்றாள். "அப்புறம் சொல்றேம்மா."

பஸ் நான்கு மணிக்கு. ஐந்தரைக்கு அருப்புக்கோட்டை போய்விடும். ஆறு மணிக்குக் கதிரேசன் கடைத்தெருவிலிருந்து வேறு யாருடைய போனிலோ பேசினார். அவர் போன் பிருந்தாவிடம் இருக்கிறதாம். உடனே அதற்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. எடுக்கவில்லை.

தருண் பாம்புக் கட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆட வரச் சொல்கிறான். இரு, வருகிறேன் என்றிருக்கிறேன். இரண்டு முறை ஆகிவிட்டது. இப்போது மூன்றாவது முறை அடிக்கப் போகிறேன்.